சூனியக்காரிக்கு ஒரு ரொட்டி

அராபா முதன்முதலாக மேடை ஏறிய அன்று, அவள் பெண் என்பதை ஒருவர்கூட நம்பவில்லை.

ஜனங்களைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி நாடகம் போட்டாலும் பெண் வேஷத்தை ஆண்தான் கட்டினான். செகொண்டியில் டாட்ஸி கம்பெனிக்கு எக்கோ என்று ஒரு ஸ்திரீபார்ட் இருந்தான். பொய்முடியும் குதிகால் செருப்புமாக இடுப்பை ஒடித்து அவன் நடந்து வந்தால், துறைமுகத்துச் சுமைகூலிகள் பெஞ்சு மேல் ஏறி விசிலடிப்பார்கள். அந்த எக்கோவுக்கு ஒரு சனிக்கிழமை பொன்னுக்குவீங்கி வந்து, இரண்டு கன்னமும் பப்பாளிப் பழம்போல் தொங்கிவிட்டன. கொட்டகையோ நிறைந்துவிட்டது. முதலாளி டாட்ஸி வாசலுக்கு ஓடிவந்தார். அங்கே புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்தாள் இருபது வயது அராபா.

"ஏ பொண்ணு, நீதானே தினம் கதவிடுக்குல நின்னுக்கிட்டு எங்க பாட்டையெல்லாம் பாடுறது?"

"உங்க ஆள் பாடுறதவிட நல்லாத்தான் பாடுறேன்."

"வாய் பெரிசா இருக்கு. மூணாவது காட்சிப் பாட்டு தெரியுமா?"

"முதல் காட்சியிலேர்ந்து தெரியும். மீன் கூடையை யாரு பாத்துக்குவா?"

கூடையை டாட்ஸியின் டிரம்காரன் பார்த்துக்கொண்டான். எக்கோவின் கவுனைப் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு அராபா மேடைக்குப் போனாள். அவளுக்குப் பயம் வரவில்லை. காலை நான்கு மணிக்குக் கடற்கரையில் நூறு பெண்கள் கத்தும் ஏலத்தில் தன் குரலைக் கேட்கவைத்துப் பழகியவளுக்கு ஒரு கொட்டகை எம்மாத்திரம்? மூன்றாவது காட்சியில் அவள் பாடி முடித்ததும், ஒரு சுமைகூலி வழக்கம்போல மேடை ஏறினான். நடிப்பவரின் வியர்த்த நெற்றியில் காசை ஒட்டிவிட்டு இறங்குவதுதான் அந்த ஜனங்கள் பாராட்டும் முறை. அவன் பென்னியை ஒட்டினான், முகத்தருகே குனிந்து பார்த்தான், பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினான்:

"டேய்! இந்தப் பய எக்கோவத் தூக்கிச் சாப்பிட்டுட்டான்டா! மீசை முளைச்ச தடமே தெரியல!"

கொட்டகை அதிர்ந்தது. மேடைக்குப் பின்னால், கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எக்கோ அவளை முறைத்தான்.

"பதினோரு வருஷம் கண்ணாடி முன்னாடி நின்னு நான் பொம்பளையாகக் கத்துக்கிட்டேன். நீ பொறந்தே கத்துக்கிட்டு வந்திருக்கே. இது அநியாயம் இல்லையா?"

"அண்ணே, அந்தச் செருப்புல எப்படி நடக்குறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. மத்தது எனக்குத் தெரியும்."

அவன் சொல்லிக் கொடுத்தான். கன்னம் வற்றியதும் தாய் வேஷத்துக்கு மாறிக்கொண்டான். அதன்பிறகு அவளுக்கு அவனைவிட நெருங்கிய நண்பன் கிடையாது.

அவள் பெண்தான் என்பது மூன்று வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த மறுஞாயிறே தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். மேடையில் ஆடுகிற பெண் ஒழுக்கம் கெட்டவளாம். அதே குழுவின் முதல் வரிசையில், அதே மேடையில் கவுன் போட்டு ஆடிய எக்கோ நின்று பாடிக்கொண்டுதான் இருந்தான். அவன் பெயரை யாரும் அடிக்கவில்லை. அராபா சபை மூப்பர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் போட்டது ஒரே கவுன். அவரு போட்டா வேடிக்கை, நான் போட்டா பாவமா?"

மூப்பர் கதவைச் சாத்தினார். பதில் இல்லாதவர்களுக்குக் கதவுதான் உதவி. புகைவண்டியில் கார்டாக இருந்த அவள் கணவன் கொஞ்சம் நேர்மையானவன். நானா நாடகமா என்று நேராகவே கேட்டான். அவளும் நேராகவே சொல்லிவிட்டாள்.

பதினெட்டு வருஷம் அவள் அனாதைப் பெண் வேஷம் கட்டினாள். சித்தி கையில் அடிபட்டு, பசியோடு, அடுப்படியில் உட்கார்ந்து பாடுகிற பெண். அந்தப் பாட்டு ஆரம்பித்தால் போதும், ஜனங்களுக்கு அது நாடகம் என்பதே மறந்துவிடும். மடியில் கட்டிவைத்திருந்த சர்க்கரை ரொட்டியை எடுத்துக்கொண்டு பெண்கள் மேடை ஏறிவிடுவார்கள். பொரித்த மீன், வேகவைத்த முட்டை, ஒரு தடவை டார்க்வாவில் உயிரோடு ஒரு கோழி. "தின்னு தாயி, அவ வர்றதுக்குள்ள தின்னு" என்று சித்தி வேஷக்காரனை முறைத்துக்கொண்டே ஊட்டிவிடுவார்கள். அராபாவும் அழுதுகொண்டே தின்பாள். தின்றுகொண்டே ராகம் பிசகாமல் பாடுவது எப்படி என்று நாட்டில் தெரிந்த ஒரே பாடகி அவள்தான் என்பான் எக்கோ.

நாடு சுதந்திரம் பெற்றது. பென்னிக் காசு போய்ப் பெசேவாக் காசு வந்தது. அந்தப் பாட்டு இசைத்தட்டாகி, மதுக்கடைதோறும் சுழன்றது. வானொலியில் வாரம் ஒரு நாள் அவள் குரல் வந்தது. ஒரு வருஷம் சந்தைக்கு வந்த நீலத் துளி போட்ட துணிக்குப் பெண்கள் 'அராபா அழுதாள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை முழம் போட்டு வாங்கியவர்களில் மூப்பரின் மனைவியும் ஒருத்தி.

முப்பத்தெட்டு வயதில் அனாதைப் பெண் வேஷம் கட்ட முடியாது. டாட்ஸி தயங்கித் தயங்கி, கையைப் பிசைந்துகொண்டு, புது நாடகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் வேஷத்தைச் சொன்னார். பேரப்பிள்ளையின் உயிரைக் குடிக்கிற சூனியக்காரிக் கிழவி. கடைசிக் காட்சியில் பூசாரி மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவை அவள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு விழுந்து சாவாள்.

"உனக்குக் கோபம் வரும்னு தெரியும், ஆனா..."

"கோபமா? மாஸ்டர், பதினெட்டு வருஷமா மூக்கு சிந்தியே செத்தேன். இப்பத்தான் ஒரு வேஷம் குடுத்திருக்கீங்க. கட்டுறேன்."

அவள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. எந்த வேஷத்தையும் காற்றிலிருந்து எடுக்க மாட்டாள். அனாதைப் பெண் மூக்கைப் புறங்கையால் துடைத்தது கேப் கோஸ்ட் பேருந்து நிலையத்தில் பார்த்த ஒரு சிறுமியிடமிருந்து. அதேபோல் கிழவிக்கும் ஓர் ஆளைத் தேடினாள், நினைவிலேயே கிடைத்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் பாலம் உடைந்து, ஓடாசோ என்கிற கொக்கோ ஊரில் கம்பெனி மூன்று நாள் மாட்டிக்கொண்டிருந்தது. தங்கியது டச்சிவாம்மா வீட்டு முற்றத்தில். டச்சிவாம்மா லாரி நிறுத்தத்தில் கென்கே விற்பவள். புளித்த சோளமாவை உருண்டை பிடித்து இலையில் கட்டி அவள் வேகவைக்கும் வாசனை மூன்று தெருவுக்கு அடிக்கும். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நொண்டுவாள். அவளுடைய கரிய பெரிய பானையின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். விடியற்காலையில் அந்தப் பானை மேல் குனிந்து தனக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அராபா மூன்று நாளும் படுக்கையில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். அந்த நடையும் பானையும் முணுமுணுப்பும் அப்படியே அவள் உடம்பில் ஏறிக்கொண்டன.

முதல் ஆட்டத்தில் அவள் நொண்டிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய பானையோடு முணுமுணுத்தபடி மேடைக்கு வந்ததும், முன்வரிசைக் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஸ்வேத்ருவில் இருந்த ஓவியன் அதை ஆளுயரப் பலகையில் தீட்டினான்: அராபாவின் முகம், பல், பானை, சிவப்புத் துணி, பானைக்குள் ஒரு குழந்தையின் கை. கம்பெனி போகிற ஊருக்கு நான்கு நாள் முன்பே அந்தப் பலகை போய் நின்றுவிடும். வானொலி அந்த நாடகத்தை ஒலிபரப்பியது. சில ஊர்ச் சந்தைகளில் அவளுக்குத் தக்காளி விற்க மறுத்தார்கள். அவளுக்கு அது விருது கிடைத்த மாதிரி இருந்தது. எக்கோவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது ஓடாசோவில்.

பத்து மாதம் கழித்து, ஒரு வியாழன் மதியம், கம்பெனி வேன் ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டே ஊருக்குள் நுழைந்தது. இறங்கியதும் எக்கோ நேராக லாரி நிறுத்தத்துக்கு ஓடினான். வழி நெடுக டச்சிவாம்மா கென்கேயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவன். பின்னாலேயே அராபாவும் போனாள். கடை இல்லை. அடுப்புக் கல் மூன்றும் சிதறிக் கிடந்தன. பானை உடைந்து ஓடாகக் கிடந்தது. ஒரு துண்டின் கழுத்தில் சிவப்புத் துணி அப்படியே இருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம், நேர் எதிரே, அராபாவின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு பலகையில் நின்றது.

லாரி பானட்டில் சாய்ந்திருந்த டிரைவர் முமுனி ஏப்பம் விடக்கூட வழியில்லாதவன்போல் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கென்கேயா? அதெல்லாம் முடிஞ்சு போச்சு அண்ணே. கிழவி சூனியக்காரின்னு விரட்டிட்டாங்க. பேத்தி செத்துப் போச்சு, அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு உங்க பலகை வந்துச்சு. அதே பானை, அதே சிவப்புத் துணி. ஊரே பாத்துச்சு. 'நாடகக்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல'ன்னு கல்லெடுத்துட்டாங்க."

எக்கோ அராபாவைப் பார்க்கவில்லை. உடைந்த ஓட்டைப் பார்த்தான்.

"இப்ப எங்க இருக்காங்க?" என்று அராபா கேட்டாள்.

"நர்ஸம்மா ஆஸ்பத்திரியில ஒளிச்சு வச்சிருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒளிவுதான். நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போயிடுவாங்க, பூசாரிகிட்ட."

பூசாரியிடம் போவது என்றால் என்ன என்று அராபாவுக்குத் தெரியும். மொட்டை அடிப்பான். கசப்புச் சாறு குடிக்கவைப்பான். ஒத்துக்கொள்கிற வரை சோறு கிடையாது. ஒத்துக்கொண்டால் ஊர் கிடையாது. அவளே மேடையில் நூறு தடவை ஒத்துக்கொண்டவள்.

ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை. பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாயில் டச்சிவாம்மா உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டு.

"யாரு, பாட்டுக்காரியா? வா. பெட்டி மேல உக்காராதே, ஊசி இருக்காம்."

அராபா தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, உங்க நடையை எடுத்தது நான்தான். பானையை எடுத்ததும் நான்தான்."

"தெரியும். போன மாசமே ஒரு லாரிக்காரன் சொன்னான், 'கிழவி, உன்னை மாதிரியே மேடையில ஒருத்தி நடக்குறா'ன்னு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. என்ன வேஷம்னு அந்தப் பய சொல்லல."

அராபா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அந்தச் சிவப்புத் துணி எதுக்கும்மா?"

"எதுக்கா? ஆத்துல பத்துப் பேரு பானை கழுவுறோம். எல்லாம் கறுப்புப் பானை. மாறிப்போகாம இருக்கத்தான்."

"காலையில முணுமுணுப்பீங்களே?"

"எண்ணுவேன். பள்ளிக்கூடம் போகாதவ, சத்தமா எண்ணலேன்னா உருண்டைக் கணக்கு தப்பிடும்."

"கால்?"

"கொக்கோ லாரியிலேர்ந்து விழுந்தேன். வேற என்ன? நீ என்ன நினைச்சே?"

வாசலில் நின்ற நர்ஸ் கம்ஃபர்ட், அகலத் தோளுடைய நடுவயதுக்காரி, அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தட்டம்மை, அக்கா. வேற ஒண்ணும் இல்ல. இந்தப் பருவத்துல பத்துக் குழந்தை போயிடுச்சு. ஒன்பது வீட்டுல. பாதிரி வீட்டுல மட்டும் ரெண்டு. அந்த வீட்டுல கிழவியே கிடையாது."

"அப்ப அந்த வீட்டுச் சூனியக்காரி யாரு?"

"அதைத்தான் நானும் ஊரெல்லாம் கேட்டேன். போலீசுக்கும் ஆள் அனுப்பினேன். குடும்பச் சண்டைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் சொன்னா எவனும் காது குடுக்க மாட்டேங்குறான். எனக்கு ஊசி போடத்தான் தெரியும், பாடத் தெரியாது."

டச்சிவாம்மா குறுக்கிட்டாள். "என்னை அடிச்ச மருமகளைத் திட்டாதீங்க. செர்வாவுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். யாரையாவது அடிக்கணும்போல இருந்திருக்கும். என் மகன் ஆன்ட்வி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான் பாரு, அதைத்தான் என்னால..."

வேனுக்குத் திரும்பி வந்த அராபா, முகத்துக்குச் சாயம் குழைத்துக்கொண்டிருந்த டாட்ஸி முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், இன்னைக்குக் கடைசிக் காட்சியில நான் ஒத்துக்கப்போறதில்லை."

"என்னது?"

"மூணு தடவை கேளுங்க. மூணு தடவையும் நான் செய்யலேன்னுதான் சொல்வேன்."

"அராபா, கிழவி ஒத்துக்குறதப் பாக்கத்தான் ஜனம் வருது! நாம நாடகக்காரங்க. ஊரைத் திருத்த வந்த பாதிரியா நாம?"

"பாதிரி வாயையே திறக்கல. பலகை நட்டது நாம. நம்ம பலகையைப் பாத்துத்தான் கல்லெடுத்திருக்காங்க. நான் கொண்டுவந்த நடை, மாஸ்டர். அந்தம்மா வீட்டுல மூணு நாள் தின்னுட்டு நான் திருடின நடை."

"கல்லு நம்ம மேலயும் விழும்."

"விழட்டும். எக்கோ அண்ணன் பொய்முடி நல்ல கெட்டி."

"என் பொய்முடிக்கு ஏதாவது ஆச்சுன்னா புதுசு வாங்கித் தரணும், சொல்லிட்டேன்" என்றான் எக்கோ. பிறகு டாட்ஸியிடம், "அவ சொல்றபடி விடுங்க மாஸ்டர். அந்தக் கென்கேயை நானும்தான் தின்னேன்."

டாட்ஸி சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மூணாவது தடவை கேட்ட பிறகு எனக்கு வசனமே கிடையாதே. நான் என்ன பண்றது?"

"சும்மா நில்லுங்க. உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்."

பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம். பெட்ரோமாக்ஸ் விளக்குகள், மூங்கில் தட்டி, ஊர் முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கி. ஓடாசோவில் அன்று நிற்க இடமில்லை. டச்சிவாம்மா வீட்டார் மட்டும் வரவில்லை, புதுத் துக்கம், வரவும் கூடாது. ஆனால் ஆன்ட்வியின் வீடு மைதானத்துக்கு அடுத்த தெரு. அங்கே எல்லாம் கேட்கும் என்பது அராபாவுக்குத் தெரியும்.

அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் உறுமியது. "சூனியக்காரி! சூனியக்காரி!" என்று குழந்தைகள் கத்தினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக எக்கோ தரையில் புரண்டு அழுதான். கடைசிக் காட்சி வந்தது. பூசாரி வேஷத்தில் டாட்ஸி மாட்டுவால் விசிறியை ஆட்டிக் கேட்டார்.

"சொல்! நீதானே செய்தாய்?"

"நான் செய்யல."

கூட்டம் சிரித்தது. முதல் தடவை எப்போதும் அப்படித்தான்.

"இரண்டாம் தடவை கேட்கிறேன்!"

"நான் செய்யல."

"மூன்றாம் தடவை!"

"நான் செய்யல. நாலாவது தடவை கேட்டாலும் செய்யல."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், "ஒத்துக்கோடி! டிக்கெட் வாங்கியிருக்கோம்!" ஒரு கல் வந்து மூங்கிலில் பட்டது.

அராபா கூனை நிமிர்த்தினாள். முதுகு நேரானது. கிழவி வேஷத்தில் அவளை அந்த உயரத்தில் யாரும் பார்த்ததில்லை. மேடை விளிம்புக்கு வந்தாள்.

"கல்லு போடுறவன் குறிபாத்துப் போடு, விளக்கு உடைஞ்சா உனக்குத்தான் நட்டம். ஒரு கேள்வி கேக்குறேன். இது யாரு நடை?" நொண்டிக் காட்டினாள்.

"டச்சிவா நடை!" என்றது கூட்டம்.

"ஆமா. நான் திருடினேன். கொக்கோ லாரியிலேர்ந்து விழுந்து உடைஞ்ச கால் அது. லாரியிலேர்ந்து விழுந்தா சூனியமா? அப்ப இங்க பாதிப் பேரு சூனியக்காரன்தான், முமுனி லாரியில ஏறினவன் எல்லாம்!"

யாரோ சிரித்துவிட்டார்கள். முமுனி எங்கிருந்தோ, "என் லாரிய எதுக்கு இழுக்குறே?" என்றான். சிரிப்பு பரவியது.

"இந்தச் சிவப்புத் துணி? ஆத்தங்கரையில பானை மாறாம இருக்க. ஏன், உங்க வீட்டுப் பானையில துணி கட்டுறதில்லையா? பச்சைத் துணி கட்டினா தேவதை, சிவப்பு கட்டினா பிசாசா? முணுமுணுப்பா? கென்கே எண்ணுறது! அனாதையா நடிச்சப்ப எனக்கு ரொட்டி ஊட்டினீங்க. நான் அனாதை இல்ல. எங்கம்மா செகொண்டியில குத்துக்கல்லு மாதிரி உக்காந்து மீன் வித்துக்கிட்டிருந்தா. அந்த ரொட்டியைத் தின்னேன். என் நடிப்பை நம்பி ரொட்டி குடுத்தா எனக்கு லாபம். என் நடிப்பை நம்பிக் கல்லெடுத்தா? அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு. அதான் சொல்ல வந்தேன்."

பிறகு பாட ஆரம்பித்தாள். மெட்டு எல்லாருக்கும் தெரிந்த அனாதைப் பாட்டின் மெட்டு. வரிகள் அப்போதுதான் பிறந்தன.

*பாதிரி வீட்டுத் தொட்டில் ரெண்டு
ஆடவில்லையே, அங்கே கிழவி யார்?
வாத்தியார் வீட்டுச் சின்னப் பாய்
விரியவில்லையே, அங்கே கிழவி யார்?*

நர்ஸிடம் கேட்டு வைத்திருந்த ஒன்பது வீட்டையும் வரிசையாகப் பாடினாள். ஒவ்வொரு வீட்டின் பெயர் வந்தபோதும் கூட்டத்தில் ஓரிடத்தில் தலை குனிந்தது. எக்கோ பொய்முடியைக் கழற்றிவிட்டு, இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டான். பாட்டு முடிந்தது.

ஒருவரும் மேடை ஏறவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஒரு காசு இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. பூசாரி வேஷத்தில் டாட்ஸி, வசனம் இல்லாமல், விசிறியைப் பிடித்தபடி நின்றார். அராபாவும் நின்றாள். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஊர் கேட்டுக்கொள்ளும் வரை பாடுவது என்று முடிவு செய்துவிட்டாள். நாளைக் காலை வரைக்கும் அவளுக்குக் குரல் இருக்கிறது.

மூன்றாம் தடவை பாடும்போது பின்வரிசையில் பெஞ்சு சாயும் சத்தம் கேட்டது. முமுனி ஆள்களை இடித்துக்கொண்டு வந்தான். கையில் பாதி தின்ற ஒரு சர்க்கரை ரொட்டி. மேடை ஏறி அதை அராபாவின் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்:

"நாலு நாளா இந்தக் காஞ்ச ரொட்டியத்தான் தின்னுட்டிருக்கேன்! என் வயிறு என்ன ஆகுறது? கிழவி சூனியக்காரின்னா பன்னெண்டு வருஷமா அவ கையால தின்ன நான் எப்படிய்யா இந்தப் பருமன்ல இருக்கேன்? கூட்டிட்டு வாங்கய்யா அந்தம்மாவ!"

மைதானம் வெடித்துச் சிரித்தது. சிரித்த முகத்தோடு எவனும் கல்லெறிய முடியாது. வாத்தியாரின் மனைவி எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. மேடை ஏறி, தன் தலைத்துணியை அவிழ்த்து அராபாவின் முகத்திலிருந்த சூனியக்காரிச் சாயத்தைத் துடைத்துவிட்டாள். "எங்க வீட்டுப் பிள்ளையையும் பாடினியே" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு வரிசை வந்தது. ரொட்டி, முட்டை, நெற்றியில் பெசேவா. எல்லாரும் வந்தார்கள் என்று சொன்னால் பொய். பாதிரி தம் நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அராபா பாடிக்கொண்டே மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தாள். கறுப்புத் துக்கத்துணி போர்த்திய ஒருவன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். ஆன்ட்வி. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. அவன் மேடைப் பக்கம் வரவில்லை. திரும்பி, ஆஸ்பத்திரி இருந்த பக்கம் நடந்தான். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

காலையில் பூசாரியின் ஆள்கள் இரண்டு பேர் வந்தார்கள். லாரி நிறுத்தத்து டிரைவர்கள் பதினாறு பேர், கையில் வேலையில்லாதவர்கள்போல், டச்சிவாம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து டயர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பலகையை முமுனி பெயர்த்தெடுத்து, முகம் கீழே போகும்படி கவிழ்த்து, கென்கே கடைக்குக் கூரையாகப் போட்டான். மழைக்கு நல்லது என்றான்.

டச்சிவாம்மா புதுப் பானைக்குச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். ஆன்ட்வி அடுப்புக் கல்லை நேராக வைத்துக்கொண்டிருந்தான். செர்வாவின் அறைக் கதவு மூடியே இருந்தது. டச்சிவாம்மா முதல் உருண்டையை இலையோடு அந்தக் கதவருகே வைத்துவிட்டு வந்தாள். கதவு திறக்கவில்லை. திறக்கும் என்று அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

விடைபெற வந்த அராபாவை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்தாங்க, நான் மட்டும் பாக்கல. ஒலிபெருக்கியில நடை கேக்குமா? நடந்து காட்டு."

"இப்பவா அம்மா?"

"பிறகு எப்ப? வேன் கிளம்பப்போகுதுல்ல?"

டிரைவர்கள், எக்கோ, டாட்ஸி எல்லாரும் பார்க்க, அராபா முற்றத்தில் நொண்டிக்கொண்டு நடந்தாள். நாடே கைதட்டிய நடை. டச்சிவாம்மா தலையை ஆட்டினாள்.

"தப்பு."

"எதும்மா தப்பு?"

"எனக்கு உடைஞ்சது இடது கால். நீ வலது கால்ல நொண்டுறே. இதப் பாத்தா இவனுங்க நான்னு நினைச்சானுங்க? கண்ணு எங்கடா வச்சிருந்தீங்க எல்லாரும்?"

டிரைவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அராபா முற்றத்தின் கோடிக்குப் போய், இடது காலைச் சாய்த்து மறுபடி நடந்தாள். டச்சிவாம்மா இரண்டு தடவை திருத்தினாள். மூன்றாவது தடவை, "ம், பரவாயில்லை" என்று கென்கே எடுத்து நீட்டினாள்.

அந்த நாடகம் அதன்பிறகு பதினான்கு வருஷம் ஓடியது, தொலைக்காட்சியிலும் வந்தது. இரண்டு ஊர்களில் கல்லும் விழுந்தது, எக்கோவுக்குப் புதுப் பொய்முடியும் வாங்க வேண்டிவந்தது. எந்த ஊரிலும் அராபா இடது காலில்தான் நொண்டினாள். மூன்றாம் தடவை கேட்டபோதும், செய்யவில்லை என்றுதான் சொன்னாள்.